அரைக்கலாமா, எரிக்கலாமா? கொட்டைத் தோப்பு கேள்வி பதில்

கேள்வி: பாதாம் தோப்புக்கு 25 வயசாச்சு, காய்ப்பு விழுந்துருச்சு. பிடுங்கிட்டு மறுபடி பாதாமே வைக்கப்போறோம். மரத்தை எரிச்சா சாம்பல் உரமாகும்னு அப்பா சொல்றார், சரியா சார்?

பதில்: அப்பா சொல்றதுல பாதி சரி. சாம்பல்ல பொட்டாஷும் சுண்ணாம்பும் மிஞ்சும். ஆனா மரம் இத்தனை வருஷமா சேத்து வச்ச கார்பன், கூடவே தழைச்சத்து, ரெண்டும் புகையோட போயிரும். அதுக்கு பதிலா மரத்தை வேரோட எடுத்து சிப்ஸா அரைச்சு அதே நிலத்துல பரப்பி உழுதுவிடற முறை ஒன்னு இருக்கு, ஹோல் ஆர்ச்சர்டு ரீசைக்ளிங்னு சொல்வாங்க. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்காரங்க 2008ல ஒரு பழைய பழத்தோப்பை எடுத்து, ஒரு பக்கம் எரிச்சு, ஒரு பக்கம் அரைச்சு கலந்து, ரெண்டுலயும் பாதாம் நட்டு பொறுமையா உக்காந்து பாத்தாங்க. 9 வருஷத்துல அரைச்ச பக்கம் ஹெக்டேருக்கு சுமார் 5 டன் கார்பன் மண்ணுல கூட நின்னுச்சு, மகசூலும் ஏறக்குறைய 20 சதவீதம் கூட, தண்ணியை வேணும்னே குறைச்சப்போ அந்தப் பக்கத்து மரம்தான் கம்மியா வாடுச்சு.

வில்லங்கமும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். மரத்தூளை மக்க வைக்கிற நுண்ணுயிர் மண்ணுல இருக்கிற தழைச்சத்தை முதல்ல தான் தின்னுரும், நம்ம கன்னு பட்டினி கிடந்து மஞ்சளாகும். அதனால முதல் வருஷம் மட்டும் வழக்கத்தைவிட கூடுதலா தழைச்சத்து கொடுங்க, ஆனா கொஞ்சம் கொஞ்சமா டிரிப்புல பிரிச்சு விடுங்க, மொத்தமா கொட்டினா இளவேர் கருகிரும். வேர் அழுகல் காளான் பிடிச்ச மரம் இருந்தா அதை நானா இருந்தா கலக்க மாட்டேன், தனியா எடுத்துருவேன்.

கேள்வி: தண்ணி தட்டுப்பாடு. பாதாமுக்கு எப்ப குறைச்சா அடி கம்மி?

பதில்: மேல்தோல் வெடிக்க ஆரம்பிக்கிற நேரம்தான். அந்த ரெண்டு வாரம் அளவா வாட விட்டா தோல் அழுகல் குறையும், காய் ஒரே சீரா வெடிச்சு உலுக்கும்போது சுலபமா விழும், தண்ணியும் மிச்சம். ஆனா அளவான்னா எவ்ளோன்னு கண்ணால பாத்து சொல்ல முடியாதுங்க, இலை தொங்கறது தெரியும்போது வேலை கெட்டிருக்கும். பிரஷர் சேம்பர்னு ஒரு கருவி, மரத்துக்கு பிபி பாக்குற மாதிரின்னு வச்சுக்கோங்க: நிழல்ல இருக்கிற இலையை ஃபாயில் பையில மூடி கொஞ்ச நேரம் விட்டு, அறுத்து உள்ள வச்சு அழுத்தம் ஏத்தணும், எந்த அழுத்தத்துல காம்பு நுனியில நீர் துளிர்க்குதோ அதுதான் மரத்தோட தாகம். இந்த ரெண்டு வாரத்துக்கு 14லேருந்து 18 பார் (அழுத்தத்தை அளக்கிற அலகு) வரைக்கும் இருக்கலாம்.

அறுவடை முடிஞ்சதும் "வேலை முடிஞ்சுது"ன்னு மோட்டாரை நிறுத்திடறாங்க பாருங்க, அதுதான் பெரிய தப்பு. அடுத்த வருஷத்து பூ மொட்டு அப்பதான் உள்ளுக்குள்ள உருவாகிட்டிருக்கு.

கேள்வி: பிஸ்தா பூக்குது, கொத்து வைக்குது, உடைச்சா உள்ள காலி. உரம் பத்தலையா?

பதில்: உரத்துக்கு முன்னாடி ஆண் மரத்தை எண்ணுங்க. பிஸ்தாவுல ஆண் தனி, பெண் தனி, மகரந்தம் காத்துலதான் வரும், தேனீப்பெட்டி வச்சு புண்ணியமில்ல. ஆண் மரம் இருந்தும் காலின்னா ரெண்டும் ஒரே நேரத்துல பூக்குதான்னு பாருங்க. அதுவும் சரியா இருந்தா இலை டெஸ்ட் எடுத்து போரான்ங்கிற நுண்ணூட்டச்சத்து எப்படின்னு பாத்துட்டு வாங்க, பேசலாம்.

கேள்வி: முந்திரியில கொசு நாவாய்ப்பூச்சி, தளிரெல்லாம் கருகுது. மருந்து அடிச்சு அலுத்துட்டேன், வேற வழி?

பதில்: இலையை சேத்து தைச்சு கூடு கட்டுமே செவ்வெறும்பு, முசுறுன்னும் சொல்வாங்க, அதை விடுங்க. வட ஆஸ்திரேலியா முந்திரித் தோப்புல இதை வச்சே நாவாய்ப்பூச்சியை அடக்கலாம்னு ஆராய்ச்சி பண்ணி காட்டியிருக்காங்க. ஒரே சூட்சுமம், ஒரு மரத்துல ஒரு குடும்பம்தான் இருக்கணும், ரெண்டு குடும்பம் சந்திச்சா பூச்சியை விட்டுட்டு தங்களுக்குள்ள அடிச்சுக்கும். அதனால எந்தெந்த மரம் எந்தக் குடும்பத்துக்குன்னு பிரிச்சு, அதே குடும்பத்து மரங்களை மட்டும் கயிறு கட்டி இணைங்க, எல்லையில கிளை உரசினா கவாத்து பண்ணிடுங்க. எறும்பு கூடவே மாவுப்பூச்சியையும் வளர்க்கும், அதை கவனிக்கணும். மருந்து அடிச்சா எறும்பும் சேந்து போயிரும், ரெண்டையும் ஒன்னா வச்சுக்க முடியாது.

கடிக்குமேன்னா, கடிக்கும். முந்திரி தானா கீழ விழுந்தப்புறம் பொறுக்குறதுதானே, கவாத்து பண்றவருக்குத்தான் முழுக்கை சட்டை வேணும்.