கொட்டியது காலில், வலி வயிற்றிலா?

கேள்வி: கடலைக்கொடிப் போரைப் பிரிக்கும்போது என் சித்தப்பாவுக்குக் காலில் செந்தேள் கொட்டிவிட்டது. ராத்திரி முழுக்க வாந்தி, மேல்வயிற்றில் வலி. ஆஸ்பத்திரியில் அமைலேஸ், லைப்பேஸ் என்ற கணைய நொதிகளைப் பார்க்க ரத்தம் எடுத்தார்கள். கால் கடுப்புக்குக் கணையத்தில் என்ன டெஸ்ட், பணம் பிடுங்கவா? ராகிக் களி கொடுக்கலாமா?
- காரிமங்கலம் வாசகர்

பதில்: பணம் பிடுங்க இல்லை தம்பி, எழுதிக் கொடுத்தவர் விவரமான டாக்டர். எனக்கு அந்த விவரம் தாமதமாகத்தான் வந்தது. பென்னாகரம் பக்கம் வேலை பார்த்தபோது, தேள் கொட்டி வந்த ஒருவரின் வாந்தியைப் பயத்தில் வந்தது என்று நினைத்து ஊசி போட்டு அனுப்பிவிட்டேன். மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடியே வந்தார். கணைய அழற்சி, அதாவது கணையம் வீங்கிப் புண்ணாவது.

தேள் விஷத்தில் இருப்பவை சின்னச் சின்னப் புரதங்கள். நரம்பில் சோடியம் போய்வரும் கதவுகளை அவை மூட விடாது. நரம்பு நுனிகள் அசெட்டைல்கோலின் என்ற செய்தி சொல்லும் ரசாயனத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். கணையத்துக்கு அதுதான் ‘சுர’ என்ற உத்தரவு. குடலுக்குப் போய் வேலை செய்ய வேண்டிய செரிமான நொதிகள் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டால், அதன் சதையையே அரிக்கும். பிரேசிலின் மஞ்சள் தேளில் இன்னொரு புரதமும் உண்டு, பெயர் ஆன்டரீஸ். கணையச் செல்லில் நொதிப்பைகளை வெளியே விடும் புரதங்களையே வெட்டுகிறது என்று 2010இல் கண்டார்கள். டிரினிடாட் தீவில் 1970இல் வெளியான ஆய்வில், தேள் கொட்டிய 30 பேரில் 24 பேருக்குக் கணைய அழற்சி!

நம்ம செந்தேள் அந்த ரகம் இல்லை. அது முதலில் கை வைப்பது இதயத்திலும் நுரையீரலிலும்தான். உடம்பு வியர்த்து, கைகால் சில்லிட்டு, நுரையோடு இருமல் வந்தால் ஒரு நிமிடம் தாமதிக்கக் கூடாது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் மாத்திரையைக் கொண்டு இந்தச் சாவுகளைக் குறைத்துக் காட்டியவர் மகாராஷ்டிரத்தின் மகாட் ஊர் டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர். செந்தேள் விஷத்தில் கணையம் தப்பிவிடும் என்றும் சொல்ல முடியாது. விஷத்தால் அட்ரினலின் பொங்கும்போது கணையத்தின் இன்சுலின் சுரப்பு அடங்கி, ரத்தத்தில் சர்க்கரை ஏறும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சித்தப்பாவுக்கு வலி முதுகுக்கு ஓடுகிறதா, குனிந்தால் கொஞ்சம் குறைகிறதா என்று கேட்டு, அதை டாக்டரிடம் சொல்லுங்கள். களியா? வாந்தியும் வலியும் நின்று, டாக்டர் சரி என்ற பிறகு முதலில் கஞ்சி. களி அப்புறம்.