காணாது ஈத்த பரிசு

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். நான் ஓர் இடைநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. இந்த ஆண்டு விருது வழங்கும் மாலை நிகழ்ச்சியின் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. சென்ற ஆண்டு மதிப்பெண்ணில் முதல் மூன்று இடம் பெற்றவர்களுக்கு மட்டும் கோப்பை தந்தோம். மற்ற பெற்றோர் முகம் தொங்கிப்போய் அமர்ந்திருந்தார்கள். ஆகவே இம்முறை மதிப்பெண், வருகைப்பதிவு, விளையாட்டு, நன்னடத்தை என 14 பிரிவுகள் வகுத்து, 120 மாணவர்களை மேடையேற்றத் திட்டமிட்டிருக்கிறோம். இதில் ஆசிரியர் அறை இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. எல்லோருக்கும் கொடுத்தால் பரிசுக்கு மதிப்பிராது என்கிறது ஒன்று. சிலருக்கு மட்டும் கொடுத்தால் மற்றவர்கள் மனம் உடைவார்கள் என்கிறது மற்றொன்று. எது சரி? கோப்பை கொடுப்பதா, புத்தகம் கொடுப்பதா? முதலிடம் பெற்ற மாணவரின் படத்தைப் பள்ளி வாயிலில் வைக்கலாமா? நிகழ்ச்சி இரண்டரை மணி நேரத்தைத் தாண்டாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஓர் ஆசிரியை

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

கடிதங்களுக்குத் தாமதமாகவே பதில் எழுதுகிறவன் நான். உங்களுடையதற்கு உடனே எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. புறநானூற்றில் பரிசில் நாடி வரும் புலவர்களின் பாடல்களை அண்மையில் மீண்டும் படித்துவருகிறேன். கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் நடுவில் என்ன நிகழ்கிறது என்பதை அவர்களைப் போலக் கறாராக யோசித்தவர்கள் குறைவு. அந்த யோசனையில் இருந்தபோதுதான் உங்கள் 120 மாணவர்களும் 14 பிரிவுகளும் வந்து சேர்ந்தன.

எளியவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். கோப்பையா புத்தகமா என்பதைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் ஏதும் இல்லை. புத்தகம் என்று முடிவு செய்தால் ஒரே தலைப்பில் 120 பிரதி வாங்கி அடுக்காமல் இருந்தால் போதும். வாயிலில் படம் வைக்கும் யோசனையைக் கைவிடுங்கள். பள்ளிக்கு அது விளம்பரம், அந்தப் பிள்ளைக்கோ ஓராண்டுக் காவல். முதலிடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரே வகுப்பில் மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் ஏறத்தாழ ஓராண்டு வயது வேறுபாடு இருக்கும். கெல்லி பெடார்ட், எலிசபெத் டூயி என்ற இரு பொருளியலாளர்கள் பல நாடுகளின் தேர்வு முடிவுகளை ஒப்பிட்டு 2006இல் வெளியிட்ட ஆய்வில், அந்த வேறுபாடு நான்காம் வகுப்பில் மட்டுமின்றி எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணிலும் தெரிகிறது என்று காட்டினார்கள். ஆகவே கோப்பையில் ஒரு சிறு பங்கு பிறந்த மாதத்துக்கும் போகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கைதட்டுங்கள்.

இனி உங்கள் இரண்டு கட்சிகள். மூன்று பேர் போதும் என்பவர்களும் 120 பேர் வேண்டும் என்பவர்களும் சண்டையிட்டுக்கொள்வது எண்ணிக்கையைப் பற்றி மட்டுமே. சற்றுக் கடுமையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் பிரிவுகள் இருக்கின்றன, நேரக் கணக்கு இருக்கிறது, பெற்றோரின் தொங்கிப்போன முகங்கள்கூட இருக்கின்றன. ஒரு பிள்ளை இல்லை. இன்ன பெண் இன்னதைச் செய்தாள், அதைக் கண்டு நான் அசந்துபோனேன், அரங்கில் இருக்கும் அனைவரும் அதை அறிய வேண்டும் என்று ஒரு வரி இல்லை. சாதனையைக் கொண்டாட வழி கேட்கும் ஆசிரியையால் தான் கண்ட ஒரு சாதனையைக்கூடக் குறிப்பிடாமல் ஒரு முழுக் கடிதத்தை எழுதிவிட முடிகிறது என்றால், மூன்றை 120 ஆக்கியும் 120ஐ மூன்றாக்கியும் அந்தக் கோளாறு தீராது.

கபிலர் வள்ளல் மலையமான் திருமுடிக்காரியைப் பார்த்துச் சொன்ன பாடல் ஒன்று உண்டு (புறம் 121). நான்கு திசையிலிருந்தும் பரிசில் நாடிப் பலர் வருவார்கள்; அவர்களுக்கு அள்ளிக் கொடுப்பது எளிது, அவரவர் தரத்தை அறிவதுதான் கடினம் என்கிறார். ‘வரிசை அறிதலோ அரிதே, பெரிதும் ஈதல் எளிதே.’ அதை நன்கு உணர்ந்தாயானால் புலவரிடத்தில் ‘பொது நோக்கு ஒழிமதி’, எல்லோரையும் ஒன்றுபோலப் பார்ப்பதை விட்டுவிடு என்று முடிக்கிறார். கொடை வாங்க வந்த இடத்தில் கொடையாளிக்கே பாடம் எடுக்கும் துணிச்சலை என்னவென்பது! உங்கள் முதல் கட்சி இதைத் தங்களுக்குக் கிடைத்த சான்றாக எடுத்துக்கொண்டு துள்ளும். அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். மதிப்பெண் பட்டியலின் மேல் மூன்று பெயர்களைக் கிழித்தெடுப்பதும் பொது நோக்குத்தான், ஏனெனில் அங்கேயும் ஒருவரும் அந்த மூவரைப் பார்க்கவில்லை.

பெருஞ்சித்திரனார் இன்னும் ஒரு படி மேலே போகிறார் (புறம் 208). பல குன்றுகளையும் மலைகளையும் கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியிடம் வந்தவரை அவன் நேரில் காணாமலேயே, இதைக் கொண்டு செல்க என்று பரிசில் அனுப்பிவிடுகிறான். இவர் கேட்கிறார்: ‘என்னை யாங்கு அறிந்தனனோ?’ பிறகு, ‘காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்’, என்னைக் காணாமல் கொடுத்த பொருளை வாங்கிப்போக நான் வணிகன் அல்லன் என்று மறுத்துவிடுகிறார். தன் புலமையின் அளவை அறிந்து தந்தால் தினையளவே ஆனாலும் அது இனிது என்பது அவர் வாதம். தேவை இருந்தது, பொருள் வாயில்வரை வந்தது, ஆனாலும் வேண்டாம் என்றார். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அப்படி மறுக்கும் வாய்ப்பு இல்லை. மேடையேறி வாங்கிக்கொண்டு சிரித்தாக வேண்டும்.

பெயர் சொல்ல விரும்பாத ஒரு பள்ளியின் விருது மாலைக்கு என்னைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். மேடையில் என் கையில் தரப்பட்டது நாடா கட்டிய ஒரு காகிதச் சுருள். மாணவர் வருவார், அதன் ஒரு முனையை நானும் மறுமுனையை அவரும் பிடித்துக்கொண்டு இருவரும் புகைப்படக்காரரைப் பார்ப்போம், அவர் மறுபக்கப் படியில் இறங்கும்போது அங்கே நிற்கும் ஓர் ஆசிரியர் சுருளைத் திரும்ப வாங்கிக்கொள்வார். உள்ளே வெற்றுத்தாள். உண்மையான சான்றிதழ் மறுநாள் வகுப்பில் தரப்படுமாம். அப்படியாகச் சில சுருள்கள் மேடையைச் சுற்றிச் சுற்றி வந்து, நாடா அழுக்கேறி, எனக்கே அடையாளம் தெரியும் அளவுக்குப் பழகிவிட்டன. ‘நற்பண்பு விருது’ என்று அறிவித்தபோது ஒரு பையன் வந்து நின்றான். எதற்காகத் தம்பி உனக்கு இந்த விருது என்று மெல்லக் கேட்டேன். உண்மையான ஆவலில்தான் கேட்டேன். அவன் சற்று யோசித்துவிட்டு, ‘தெரியல சார், லிஸ்ட்ல பேர் இருந்துச்சு’ என்றான். விழா முடிந்து அவனுடைய வகுப்பாசிரியரைக் கேட்டேன். அவரும் பட்டியலைத்தான் புரட்டினார். கடைசியில் பள்ளி நூலகர்தான் சொன்னார்: பார்வை மங்கிய ஒரு தோழனின் அருகில் உட்கார்ந்து, கரும்பலகையில் எழுதுவதையெல்லாம் அவன் காதில் வாசித்துக்கொண்டிருப்பவனாம் அந்தப் பையன். அவ்வளவு பெரிய அரங்கில், ஒலிபெருக்கி கையில் இருந்தவர்களில் ஒருவருக்குக்கூட அது தெரிந்திருக்கவில்லை என்ற கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

வருகைப்பதிவுக்கும் விருது என்று எழுதியிருக்கிறீர்கள். கலிஃபோர்னியாவின் 14 பள்ளி மாவட்டங்களில், 6 முதல் 12 வரையிலான வகுப்புகளில், ஒரு மாதமேனும் ஒரு நாள்கூட விடுப்பெடுக்காமல் வந்த 15,329 மாணவர்களை வைத்து ஒரு கள ஆய்வு நடந்தது. 2021இல் ஓர் ஆய்விதழில் அச்சானது. நல்ல வருகைக்காக விருது உண்டு என்று முன்கூட்டி அறிவித்ததால் சராசரியாகப் பயன் ஏதும் விளையவில்லை. ஏற்கெனவே வந்ததைப் பாராட்டிச் சான்றிதழ் பெற்றவர்களோ, அதன் பிறகு மற்றவர்களைவிட அதிகமாகவே விடுப்பெடுத்தார்கள். பள்ளி எதிர்பார்த்ததைவிட, தோழர்களைவிட, நாம் அதிகமாகவே வந்துவிட்டோம் என்ற செய்தியை அந்தச் சான்றிதழ் அவர்களுக்குத் தந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். காணாது ஈத்த பரிசு வீணாவதோடு நிற்பதில்லை, கொடுத்தவர் நினைக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறது.

உடனே, பரிசே கூடாது என்று ஒரு மூன்றாம் கட்சி கிளம்பும். 1973இல் உளவியலாளர் மார்க் லெப்பர் குழுவினர் மழலையர் பள்ளியில் நடத்திய சோதனையை அவர்கள் மேற்கோள் காட்டுவார்கள்: படம் வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று சொல்லி வரையவைக்கப்பட்ட குழந்தைகள், பின்னர் சும்மா விட்டபோது மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். உண்மைதான். ஆனால் அதே சோதனையில், முன்பே சொல்லாமல் வரைந்து முடித்த பின்பு அதே சான்றிதழைப் பெற்ற குழந்தைகளின் ஆர்வம் குறையவில்லை என்பதை மட்டும் வசதியாக விட்டுவிடுவார்கள். பிள்ளைகளைப் பாராட்டாமல் இருப்பதற்குக் கொள்கை தேடுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

நான் கேட்பது ஒன்றே: மேடையேறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வாக்கியம். நோபல் பரிசைப் பாருங்கள். சிறந்த இயற்பியலாளர் என்று அங்கே எவருக்கும் கொடுப்பதில்லை. 1930இல் சி.வி. இராமனுக்கு ஒளிச்சிதறல் குறித்த பணிக்காகவும் அவர் பெயரால் வழங்கும் விளைவைக் கண்டறிந்ததற்காகவும் என்று எழுதிக் கொடுத்தார்கள். உலகமே சார்பியலுக்காகக் கொண்டாடிய ஐன்ஸ்டைனுக்கு 1921ஆம் ஆண்டின் பரிசைத் தந்தபோது, கோட்பாட்டு இயற்பியலுக்கு அவர் ஆற்றிய பணியைப் பொதுவாகச் சொல்லிவிட்டு, குறிப்பாக ஒளிமின் விளைவின் விதியைக் கண்டறிந்ததற்காக என்று எழுதினார்கள். அவர்களுக்கே ‘எதற்காக’ என்று ஒரு வரி தேவைப்பட்டது. உங்கள் ஒன்பதாம் வகுப்புக்கு வேண்டாமா?

அந்த வாக்கியத்தில் செயல் இருக்க வேண்டும். ‘கடின உழைப்பாளி’, ‘பன்முகத் திறமை கொண்டவர்’ என்பவையெல்லாம் வாக்கியங்கள் ஆகா. பெயரை மாற்றி எவருக்கும் ஒட்டலாம். ‘வேதியியல் ஆய்வக டைட்ரேஷனில் மூன்று முறை அளவு பொருந்தாதபோது, பிழை தன்னிடம் இல்லை, பியூரெட் குழாயின் கசிவில் இருக்கிறது என்று தானே கண்டுபிடித்தாள்’ என்பது வாக்கியம். ‘புத்திசாலி’ என்ற சொல்லையும் தவிர்த்துவிடுங்கள். 1998இல் உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் ஐந்தாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்திய சோதனைகளில், புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள் அடுத்த கடினமான புதிர்களில் தடுக்கியதும் சோர்ந்தார்கள். தங்கள் மதிப்பெண்ணைப் பிறருக்குக் கூட்டிச் சொன்னவர்களும், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிட, அவர்களிடையே மிக அதிகம்.

நேரம் ஆகுமே என்பீர்கள். பதினைந்து சொல் கொண்ட வாக்கியத்தை வாசிக்கப் பத்து நொடி. 120 பேருக்கு 20 நிமிடம். அந்த 20 நிமிடத்தைச் சிறப்பு விருந்தினரின் உரையிலிருந்து வெட்டி எடுங்கள், அவருக்கும் நிம்மதியாக இருக்கும். பிரிவுகளைத் தூக்கிப் போடுங்கள். வாக்கியங்கள் வந்த பிறகு எண்ணிப் பாருங்கள், எழுபது வந்தால் எழுபது பேர், இருநூறு வந்தால் இருநூறு பேர். வகுப்பாசிரியரை மட்டும் நம்பாமல் நூலகர், ஆய்வக உதவியாளர், விளையாட்டு ஆசிரியர், வாயிற்காவலர் ஆகியோரிடமும், பிள்ளைகளிடமுமே தோழர்களைப் பற்றிக் கேட்டு எழுதுங்கள். வாக்கியத்தைச் சம்பந்தப்பட்ட மாணவரிடம் முன்பே தனியாகப் படித்துக் காட்டிவிடுவது நல்லது; சில நற்செயல்களில் இன்னொரு பிள்ளையின் குறையும் சேர்ந்தே வெளிப்படும், அதை அரங்கில் சொல்லலாமா என்று அந்த இன்னொரு பிள்ளையையும் கேட்டாக வேண்டும். சான்றிதழில் அதே வாக்கியத்தை அச்சிட்டு, மேடையிலேயே கொடுங்கள். வாசிப்பது தொகுப்பாளராக இல்லாமல், அதை எழுதியவராகவே இருக்கட்டும். ஆய்வக உதவியாளர் எழுதியிருந்தால் அவரே மேடைக்கு வரட்டும்.

அன்புடன்.