கிருஷ்ணகிரியிலிருந்து ஒரே நாளில் போய் வர ஆற்றோர அரண்மனைத் தோட்டம் உண்டா?

கேள்வி: கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கமிருந்து ஒரே நாளில் போய் வரும் தூரத்தில், ஆற்றங்கரையில் பழைய அரண்மனைத் தோட்டம் ஏதாவது இருக்கிறதா? கூட வருபவர்கள் வயதானவர்கள், அதிகம் நடக்க முடியாது.

நம்ம ரெண்டு மாவட்டத்துக்குள்ளேயே தேடினால் கிடைக்காதுங்க. கோட்டைக்குக் குறைவில்லை. ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி சையத் பாஷா மலை என்று எல்லாமே மூச்சு வாங்க ஏற வேண்டியவை. ஆறு வேண்டுமென்றால் கே.ஆர்.பி. அணைப் பூங்கா இருக்கு, ஒகேனக்கல் இருக்கு. அங்கே அரண்மனை இல்லை. ரெண்டும் ஒரே இடத்தில், முட்டிவலிக்காரர் நடக்கிற அளவில் வேண்டுமென்றால் கொஞ்சம் எட்டத்தான் போகணும். மைசூருக்குப் பக்கத்தில், காவிரி நடுவே தீவாக இருக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உள்ள தரியா தௌலத் பாக், திப்பு சுல்தானின் கோடை மாளிகை. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்குச் சுமார் 90 கிலோமீட்டர், அங்கிருந்து இன்னொரு 125.

போன வருஷம் ஆடிப்பெருக்கு முடிந்த வாரம் அப்பாவை அங்கே கூட்டிப் போனேன். தம்பி வண்டி ஓட்டினான். அப்பாவுக்குக் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் மாந்தோப்பு. ஊர்ப்பெயரில் காவேரி இருந்தாலும் ஓடுவது தென்பெண்ணை. "பேரு வச்சவன் ஆத்தப் பாக்காமலே வச்சிட்டான் போல" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. அரண்மனை, ராஜா, ஓவியம் இதிலெல்லாம் அவருக்குப் பெரிய ஆர்வம் கிடையாது. தோட்டம் என்று சொன்னதால்தான் கிளம்பினார்.

டிக்கெட் நாங்கள் போனபோது ஆளுக்கு 25 ரூபாய். உள்ளே நுழைந்ததும் நேர்க்கோடாக ஒரு பாதை, ரெண்டு பக்கமும் புல்தரை, வெட்டி அழகுபடுத்திய மரங்கள். எதிரே அரண்மனை இருக்கிறது என்பார்கள், ஆனால் முதலில் கண்ணில் படுவது பெரிய பச்சைத் திரைகள்தான். வெயில் பட்டு ஓவியம் வெளுத்துவிடக் கூடாது என்று சுற்றிலும் தொங்கவிட்டிருக்கிறார்கள். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "நாத்துப் பண்ணை மாதிரி இல்ல இருக்குது" என்றார். உண்மைதான், தூரத்திலிருந்து பார்த்தால் நிழல்வலை கட்டிய நர்சரிதான்.

சமதளப் பாதை, மெதுவாகப் போனாலும் அஞ்சாறு நிமிஷத்தில் மாளிகையை எட்டிவிடலாம். அப்பாவுக்கு இருபது நிமிஷம் ஆனது. முட்டியால் இல்லை. ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று அடிமரத்தைத் தட்டிப் பார்த்தார், மண்ணைக் காலால் கிளறினார், தண்ணீர் எந்தப் பக்கமிருந்து பாய்கிறது என்று வாய்க்காலோடு கூடவே போனார். தோட்டக்காரர் ஒருவர் கிடைத்ததும் பேச்சு தொடங்கிவிட்டது. அவருக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்குச் சந்தைக் கன்னடம். எருவைப் பற்றிப் பேசிக்கொள்ள அது போதுமானதாக இருந்தது.

மாளிகை 1784-ல் முடிந்தது. பெரும்பாலும் தேக்கு மரம். தாழ்வான மேடைமேல் நிற்பதால் ஏற வேண்டியது சில படிகள்தான். உள்ளே படம் எடுக்கக் கூடாது. போனை வெளியே எடுத்த தம்பிக்குக் காவலரிடம் நல்ல திட்டு விழுந்தது. ஒருவகையில் நல்லதுதான், எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள்.

பார்க்க வேண்டியது மேற்குச் சுவர். 1780 செப்டம்பர் 10-ல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் நடந்த சண்டை முழுச்சுவருக்கும் விரிந்திருக்கிறது. மைசூரை ஆண்ட ஐதர் அலியும் அவர் மகன் திப்புவும் சேர்ந்து ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் படையைச் சுற்றி வளைத்த நாள். சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் சதுரமாக நிற்க, நடுவில் பல்லக்கில் பெய்லி. பக்கத்தில் வெடிமருந்து வண்டி தீப்பிடித்து வெடிக்கிறது. யானை, குதிரை, வாள், வெட்டுப்பட்ட தலை என்று ஒரு விரற்கடை இடம் சும்மா விடவில்லை. குழந்தைகளைக் கூட்டிப் போனால் இங்கேயே அரைமணி நேரம் நிற்பார்கள். கிழக்குச் சுவரில் சண்டை இல்லை, தர்பார்தான். தஞ்சாவூர் ராஜாவும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

1799-ல் திப்பு விழுந்த பிறகு, பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த ஆர்தர் வெல்லெஸ்லி இந்த மாளிகையில் குடியிருந்தார். 1850-களில் ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபு இந்த ஓவியங்களைப் புதுப்பிக்கச் சொன்னார். தங்கள் படை அடிவாங்கிய காட்சியைத் தங்கள் செலவிலேயே சாயம் பூசி வைத்திருக்கிறார்கள், பாருங்கள்.

ஓவியத்தைவிட எனக்குச் சொல்லத் தோன்றுவது வேறு. இந்தத் தீவுக்கும் நம்ம ஊருக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கு. 1792-ல் ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் இந்த ஊரை முற்றுகையிட்டார். தீவிலிருந்த திப்புவின் தோட்டத்து மரங்களை வெட்டித்தான் முற்றுகை வேலைகளுக்குக் கட்டுக் கட்டாக எடுத்துப் போனார்கள். கடைசியில் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தம். திப்பு பாதி ராஜ்ஜியத்தையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுக்க வேண்டியதாயிற்று, ரெண்டு மகன்கள் பிணையாகப் போனார்கள். அந்தப் பாதியில் ஒரு துண்டுதான் பாராமகால், அதாவது நம்ம கிருஷ்ணகிரியும் தருமபுரியும். ஓசூர்ப் பக்கம் இன்னும் ஏழு வருஷம் மைசூரோடு இருந்து 1799-ல்தான் கைமாறியது.

இதை அப்பாவிடம் சொன்னபோது தலையாட்டினாரே தவிரக் காதில் ஏறவில்லை. பாராமகாலுக்கு வந்த ஆங்கிலேய அதிகாரி கேப்டன் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும்தான் நிலத்தை அளந்து, நடுவில் ஜமீன்தார் இல்லாமல் குடியானவனிடமே நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறையை முதன்முதலில் நம்ம ஊரில் நடத்திப் பார்த்தார்கள் என்று சொன்னேன். அப்போதுதான் நின்றார்.

"அப்ப நம்ம பட்டா?"

"அந்த வழியில வந்ததுதான்பா."

"இங்க கையெழுத்து போட்டதுக்கு அங்க சர்வேயரு வந்தானா" என்று மாளிகையை முதல்முறையாகச் சரியாக ஏறிட்டுப் பார்த்தார்.

தோட்டத்துக்கு வடக்கே காவிரி. ஆனால் தண்ணீரில் கால் நனைக்க ஆசைப்பட்டால் வண்டியில் கஞ்சாம் பக்கம் போய் நிமிஷாம்பா கோயில் படித்துறையில் உட்காருங்கள். வயதானவர்களுக்கு அதுதான் வசதி. அங்கிருந்து கிட்டத்தில் ஆறு ரெண்டு கிளையும் கூடும் சங்கமமும், ஐதர் அலி, திப்பு அடக்கமான கும்பஸும் இருக்கு. கும்பஸின் கருங்கல் தூண்கள் கண்ணாடி மாதிரி பளபளக்கும். எங்கேயும் ஆழத்தில் இறங்க வேண்டாம். இழுப்பு அதிகம், அந்தப் பக்கத்து ஆற்றில் முதலையும் உண்டு.

நாங்கள் போன நேரம் மேலே கே.ஆர்.எஸ். (கிருஷ்ணராஜ சாகர்) அணையில் தண்ணீர் திறந்திருந்தார்கள். செம்மண் நிறத்தில் படித்துறையின் பாதிப் படிகள் முங்கிக் கிடந்தன. அப்பா கடைசிக் காய்ந்த படியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "ஏம்மா, இது ஒகேனக்கல் போய்ச் சேர எத்தினி நாளாவும்?" என்றார். ரெண்டு மூணு நாள் ஆகும் என்றேன். இங்கிருந்து சிவனசமுத்திரம், மேக்கேதாட்டு, பிலிகுண்டுலு, அப்புறம் ஒகேனக்கல். 2018 தீர்ப்பில் கர்நாடகா தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதை அளந்து பார்ப்பது அந்தப் பிலிகுண்டுலுவில்தான்.

எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் ஃப்ளோரைடு அதிகம். அப்பா தலைமுறைக்காரர்கள் சிரித்தால் பல்லில் அந்தப் பழுப்புக் கறை தெரியும். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு வீட்டுக் குழாயில் வருவது காவிரித் தண்ணீர். அன்றைக்கும் வீட்டிலிருந்து ரெண்டு லிட்டர் பாட்டிலில் அதைத்தான் பிடித்து வந்திருந்தார், வெளித்தண்ணீர் குடிக்க மாட்டார். அதில் ஒரு மடக்குக் குடித்துவிட்டு ஆற்றைப் பார்த்து, "குழா தண்ணி வர்ற வழிய இப்பதான் பாக்கறேன்" என்றார். திரும்பி வந்து தோட்டத்து நண்பர்களிடம் அவர் சொன்னது திப்புவைப் பற்றி இல்லை, இந்தப் படித்துறையைப் பற்றித்தான்.

இனி உங்களுக்குத் தேவையானவை. மாளிகை காலை 9 முதல் மாலை 5 வரை. விடிகாலை 5 மணிக்குக் கிளம்பினால் பெங்களூரு நெரிசலில் மாட்டாமல் தாண்டிவிடலாம், 10 மணிக்கெல்லாம் தோட்டத்தில் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். பைக்கில் போகிறவர்கள் கவனியுங்கள், பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையில் 2023 ஆகஸ்ட் முதல் இருசக்கர வாகனத்துக்கு அனுமதி இல்லை, சர்வீஸ் ரோடுதான். இது தெரியாமல் தம்பி ஒருமுறை போய் ரெண்டு மணி நேரம் கோட்டைவிட்டான். ரயில் விருப்பமென்றால் தூத்துக்குடி–மைசூரு எக்ஸ்பிரஸ் தருமபுரி, ஓசூர் வழியாகப் போகிறது.

மதியச் சாப்பாட்டுக்கு அந்தப் பக்கம் ராகி முத்தே கிடைக்கும். அப்பா உருண்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நம்ம களிக்கு இவ்ளோ தூரம் வரணுமா" என்றாலும் ரெண்டு வாங்கிச் சாப்பிட்டார். வழியில் மத்தூர் வடை வாங்கத் தவறாதீர்கள். நம்ம ஊத்தங்கரை ரோட்டு மத்தூர் இல்லை, மண்டியா மாவட்டத்து மத்தூர். ரவை, அரிசிமாவு, மைதா, வெங்காயம் போட்டுத் தட்டையாகச் சுட்டது. நாங்கள் போகும்போதே வீட்டுக்கும் சேர்த்து வாங்கி, சாயங்காலத்துக்குள் சவசவவென்று ஆகிவிட்டது. திரும்பும்போது வாங்குங்கள்.