ஒரு மாநிலத்துக்கோ வட்டாரத்துக்கோ நல்ல கொடி எப்படி இருக்க வேண்டும்? சின்னங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

வட்டாரக் கொடிகள் கெட்டுப்போவது பெரும்பாலும் யாரையும் விட்டுவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தால்தான். ஒரு குழு உட்காரும், விவசாயத்துக்கு ஒரு கதிர், தொழிலுக்கு ஒரு பல்சக்கரம், ஆறு, மலை, மாநிலம் உருவான ஆண்டு, அடியில் ஒரு வாசகம் என்று ஆளுக்கொன்று கேட்பார்கள், கடைசியில் எல்லாவற்றையும் ஒரு வட்டத்துக்குள் அடைத்து அரசு முத்திரையைத் துணியில் அச்சடித்து ஏற்றிவிடுவார்கள். முத்திரை கையில் பிடித்துப் பார்க்கும் காகிதத்துக்கானது. கொடியை நாம் பார்ப்பது தூரத்தில், காற்றில் மடங்கி, பாதி மறைந்த நிலையில்.

அமெரிக்க மாநிலக் கொடிகளில் நிறைய இப்படித்தான், நீலத் துணி, நடுவில் முத்திரை. வரிசையாக ஏற்றினால் எது எது என்று அந்த நாட்டுக்காரர்களே திணறுவார்கள். அதற்காகப் பெயரையும் எழுதி வைத்தார்கள். பெயர் எழுத வேண்டி வந்துவிட்டால் அந்தப் படம் தன் வேலையைச் செய்யவில்லை என்றுதான் அர்த்தம். அதோடு, துணியின் பின்பக்கம் எழுத்து இடவலம் மாறித் தெரியும்.

இதற்கு நேர் எதிராக நியூ மெக்சிகோ. மஞ்சள் துணியில் சிவப்புச் சூரியன், நான்கு பக்கமும் நான்கு நான்கு கதிர், அவ்வளவுதான். 1925இல் ஏற்றது. 2001இல் வட அமெரிக்கக் கொடியியல் சங்கம் நடத்திய வாக்கெடுப்பில் அமெரிக்க, கனடா மாநிலக் கொடிகளுக்குள் இதற்குத்தான் முதலிடம். அந்தச் சூரியன் ஜியா என்ற பழங்குடியினரின் புனிதச் சின்னம். நான்கு திசை, நான்கு பருவம், ஒரு நாளின் நான்கு பொழுது, வாழ்வின் நான்கு கட்டம் என்று அவர்களுக்கு அதில் பொருள் உண்டு. மஞ்சளும் சிவப்பும் ஸ்பெயினைக் குறிப்பவை. மண்ணின் இரண்டு வரலாறுகள் இரண்டே நிறத்தில் வந்துவிட்டன. ஆனால் ஜியா மக்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை, அந்த மனக்குறையை அவர்கள் பின்னால் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை. ஒரு சமூகத்தின் சின்னத்தை எடுப்பதாக இருந்தால் வரைவதற்கு முன்பே அவர்களைக் கேட்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது, டென்மார்க்கின் தன்னாட்சிப் பகுதியான கிரீன்லாந்தின் கொடி. மேலே வெள்ளை, கீழே சிவப்பு, கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி ஒரு வட்டம், அதற்குள் நிறங்கள் தலைகீழ். பனிப்பரப்பும் கடலும் அடிவானத்துச் சூரியனும் அந்த இரண்டு பட்டையிலும் ஒரு வட்டத்திலும் வந்துவிடும். டென்மார்க்கின் அதே சிவப்பு வெள்ளைதான், ஆனால் டென்மார்க், சுவீடன், நார்வே போன்ற நார்டிக் நாடுகளின் கொடிகளில் இருக்கும் சிலுவை இதில் இல்லை. சிலுவை போட்ட வடிவமும் போட்டியில் இருந்தது, 1985இல் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் இது ஜெயித்தது. உறவையும் காட்டி, தனித்தும் நிற்கிறது.

சரி, எளிமைதான் எல்லாமா என்றால் இல்லை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலக் கொடியைத் தேடிப் பாருங்கள், கறுப்பு, தங்கம், சிவப்பு, வெள்ளை என்று கண்ணைப் பறிக்கும் இரைச்சல், குழந்தையால் நினைவிலிருந்து வரைய முடியாது. ஆனால் அங்கே அதைச் சட்டையிலும் தொப்பியிலும் காரிலும் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அந்த மாநிலமே இரண்டாகப் பிரிந்து, கறுப்பு-தங்கம் ஒரு தரப்புக்கும் சிவப்பு-வெள்ளை எதிர்த்தரப்புக்கும் அடையாளமாக இருந்தன, போருக்குப் பிறகு இரண்டையும் ஒரே கொடியில் சேர்த்து 1904இல் சட்டமாக்கினார்கள். கண்ணுக்கு நெரிசலாக இருந்தாலும் சொல்வது ஒரே ஒரு விஷயம், அதனால்தான் நிற்கிறது. அப்புறம் தூரத்திலிருந்து பார்த்தாலும் அதை வேறெந்தக் கொடியோடும் குழப்பிக்கொள்ள முடியாது.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். இரண்டு மூன்று போதும், கருநீலத்தின் மேல் கரும்பச்சை மாதிரி அடர்நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள், நடுவில் வெள்ளையோ மஞ்சளோ வரட்டும்.

சின்னத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது, அந்த மண்ணில் யார் அதைப் பார்த்தாலும் தன்னுடையது என்று சொல்ல முடிகிறதா என்பதை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தின் பழைய கொடியில் இருந்த முத்திரையில் ஒரு வெள்ளைக்கார விவசாயி உழுகிறார், தூரத்தில் ஒரு பழங்குடி மனிதர் குதிரையில் போகிறார். நிலத்தை இழந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதற்கு எப்படி வணக்கம் செலுத்துவார்கள்? 2024இல் அதை மாற்றி இரண்டு நீலமும் எட்டுமுனை வெள்ளை நட்சத்திரமும் கொண்ட கொடியை ஏற்றினார்கள். பழையதே போதும் என்று கோபப்பட்டவர்களும் இருக்கிறார்கள், பழகிய கொடியைப் பிரிவது யாருக்கும் வலிக்கும்தான், ஆனாலும் மாற்றியது சரி என்றே நினைக்கிறேன்.

நீங்களே ஒன்று வரைவதாக இருந்தால் முதலில் தபால்தலை அளவில் வரையுங்கள். அந்த அளவில் எது தெரியவில்லையோ அதை எடுத்துவிடுங்கள், அதற்கு எவ்வளவு அழகான விளக்கம் வைத்திருந்தாலும் சரி.