நேரலை வகுப்பு, நேர் வகுப்பு: ஆசிரியர்கள் கேட்டவை

பள்ளி, கல்லூரி, டியூஷன் ஆசிரியர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. 'எந்த ஆப்', 'எந்த கேமரா' என்பவையே பாதி. அவற்றுக்கு ஒருமுறைதான் பதில்.

கேள்வி (பிளஸ் டூ இயற்பியல், தஞ்சாவூர்): சார், ஜூமில் பாடம் நடத்திவிட்டு "புரிஞ்சுதா?" என்றால் எல்லாரும் "யெஸ் சார்" என்கிறார்கள். மறுநாள் நேர் வகுப்பில் கேட்டால் பேச்சே இல்லை.

பதில்: "புரிஞ்சுதா" என்றால் வேறென்ன சொல்வார்கள்? விளக்கத்தை ஆறேழு நிமிட வீடியோவாக முதல் நாளே அனுப்பிவிடுங்கள். நேரலையில் விரிவுரை வேண்டாம். இதை இன்னும் சிலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேரலையில் இப்படிக் கேளுங்கள்: மேல்நோக்கி எறிந்த பந்து உச்சியைத் தொடும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன? (அ) சுழி (ஆ) 9.8 மீ/வி², கீழ்நோக்கி (இ) 9.8 மீ/வி², மேல்நோக்கி. தவறான விடை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட குழப்பத்தைக் காட்டிக்கொடுக்க வேண்டும். 'அ' போடுபவருக்குத் திசைவேகமும் முடுக்கமும் ஒன்றாகத் தெரிகின்றன. 'இ' போடுபவர் எறிந்த கையின் விசை இன்னும் பந்தில் இருப்பதாக நினைக்கிறார்.

"சாட்டில் டைப் செய்யுங்கள், நான் சொல்லும்வரை அனுப்பாதீர்கள்" என்று ஒரு நிமிடம் கொடுங்கள். பிறகு எல்லாரும் ஒன்றாக அனுப்பட்டும். முதல் பெஞ்சைப் பார்த்து எழுதும் வேலை அதோடு நிற்கும். சரியான விடை ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் நீங்களே மறுபடி விளக்குங்கள். 70க்கு மேல் என்றால் ஒரு வரியில் முடித்து நகருங்கள். இடையில் இருந்தால் மும்மூன்று பேராகப் பிரேக்அவுட் அறைக்கு (சிறு குழுவாகத் தனியே பேசும் வசதி) அனுப்பி, மூன்று நிமிடம் வாதாடவிட்டு, மறுபடி விடை கேளுங்கள். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் நேர் வகுப்புக்காக உருவாக்கிய முறை இது. நேரலைக்கும் நன்றாகவே பொருந்தும். பிரேக்அவுட் அறைக்குள் போனால் உங்கள் ஸ்லைடு பொதுவாகத் தெரியாது. கேள்வியை முன்கூட்டியே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவையுங்கள். திரும்பி வந்து பதில் சொல்பவர், மூவரில் வரிசை எண் சிறியவர். இதைச் சொல்லாமல் அனுப்பினால் மூன்று நிமிடமும் மௌனம்தான்.

கேள்வி (டியூஷன், சேலம்): கூகுள் மீட்டா, ஜூமா?

பதில்: மாணவர் போனில் ஏற்கெனவே இருப்பது. இலவசக் கணக்கில் ஜூம் 40 நிமிடம். மீட்டில் மூவரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம்.

கேள்வி (கணிதம், விருதுநகர்): 5000 ரூபாய்க்குள் நல்ல வெப்கேம்?

பதில்: வாங்காதீர்கள். காலர் மைக் வாங்குங்கள். படம் மங்கினால் பொறுத்துக்கொள்வார்கள், குரல் கரகரத்தால் போய்விடுவார்கள். போனின் ஹெட்போன் துளையில் நேராகச் செருகுவதென்றால் மைக்கின் பிளக் முனையில் மூன்று கறுப்பு வளையம் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் பெரும்பாலும் போன் அதை மைக்காக எடுத்துக்கொள்ளாது. வாய்க்கு ஒரு சாண் கீழே மாட்டுங்கள், ஃபேன் காற்று நேரே படக்கூடாது.

கணக்குப் போட்டுக்காட்டப் போன் போதும். பின்கேமரா தாளைப் பார்க்கும்படி ஸ்டாண்டில் வைத்து, அதையே இரண்டாவது ஆளாக வகுப்பில் சேருங்கள். அதில் ஆடியோவில் மட்டும் சேராதீர்கள், எதிரொலி கிளம்பும். பால்பாயிண்ட் வேண்டாம், ஸ்கெட்ச் பேனா. எழுத்து ஒரு சென்டிமீட்டர் உயரம். வலக்கைக்காரர் விளக்கை இடப்பக்கம் வையுங்கள்.

கேள்வி (கல்லூரி, கோவை): எங்கள் துறையில் மாணவர் கேமரா கட்டாயம். இல்லாவிட்டால் லாகின் செய்துவிட்டுத் தூங்குகிறார்கள். தவறா?

பதில்: தவறுதான். வீடியோ போக 600, வர 600 கேபிபிஎஸ் (நொடிக்குக் கிலோபிட்) என்று வையுங்கள். மணிக்கு 540 எம்பி. மூன்று பீரியடில் 1.6 ஜிபி. தினம் 1.5 ஜிபி பேக் வைத்திருக்கும் பிள்ளைக்கு நாலாவது பீரியட் கிடையாது. குரல் மட்டும் என்றால் மணிக்கு 30, 40 எம்பி.

அவரே: டேட்டா சாக்குதான் சார். இவர்களே ராத்திரி கிரிக்கெட் பார்க்கிறார்கள்.

இன்னொருவர் (அரசுப் பள்ளி, தருமபுரி): என் வகுப்பில் அண்ணன், தங்கை இருவருக்கும் ஒரே போன். பின்னால் அம்மா சமைப்பது தெரியும் என்று ஒரு பெண் வகுப்புக்கே வருவதில்லை. கிரிக்கெட்டை விடுங்கள்.

பதில்: கேமராவில் முகம் தெரிகிறது, கவனம் தெரிவதில்லை. திரையைப் பார்த்தபடியே இன்னொரு விண்டோவில் ரீல்ஸ் ஓடும். ஐந்தாறு நிமிடத்துக்கு ஒரு கேள்வி கேளுங்கள். எத்தனை கேள்விக்குப் பதில் வந்ததோ அதுவே வருகைப்பதிவு. தூங்குபவர் தானே அகப்படுவார். நீங்கள் நாற்பது நிமிடம் விடாமல் பேசினால், கேமரா இருந்தாலும் தூங்கத்தான் செய்வார்கள். விரிவுரை வேண்டாம் என்றேனே.

கேள்வி (பொறியியல்): வகுப்பில் 40 பேர், ஆன்லைனில் 12 பேர், ஒரே நேரத்தில் நடத்தச் சொல்கிறார்கள்.

பதில்: முடிந்தால் தவிருங்கள், இரு பக்கமும் அரைகுறையாகும். முடியாவிட்டால், வகுப்பில் ஒரு மாணவருக்குச் சாட் பெட்டியைக் கவனித்துக் கையுயர்த்தும் வேலை கொடுங்கள், வாரம் ஒருவர். அறையில் கேட்ட கேள்வியை நீங்கள் மைக்கில் திருப்பிச் சொன்ன பிறகே பதில். கரும்பலகையை கேமராவில் காட்டாதீர்கள்.

கேள்வி: ஆன்லைன் தேர்வில் காப்பி?

பதில்: ஆளுக்கொரு எண் கொடுங்கள். "வரிசை எண்ணின் கடைசி இலக்கத்தோடு 2 கூட்டு; அதுவே நிறை, கிலோகிராமில்." விடைப்பட்டியல் பத்தே வரி. செய்முறையைப் போட்டோ எடுத்து அனுப்பட்டும். கூகுள் ஃபார்மில் கோப்பு ஏற்ற கூகுள் கணக்கு கட்டாயம், அது இல்லாதவர் வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். பிறகு நாலைந்து பேரை அழைத்து "இந்த மூன்றாவது வரி எப்படி வந்தது?" என்று கேளுங்கள்.

கேள்வி: சார், எந்த வெப்கேம் நல்லது?

பதில்: விருதுநகர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி: ஸ்வயம் (மத்திய அரசின் ஆன்லைன் படிப்புத் தளம்) படிப்புக்கு கிரெடிட் கிடைக்குமா?

பதில்: 2021 யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஏற்கலாம். ஏற்பது உங்கள் நிறுவனம். அங்கே கேளுங்கள்.

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு): எல்லாப் பாடத்துக்கும் நானே வீடியோ எடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். பாடநூலிலுள்ள க்யூஆர் கோடுகளை முதலில் தீக்ஷா என்ற அரசுக் கல்விச் செயலியில் திறந்து பாருங்கள்; இருப்பதை எடுங்கள், இல்லாததை மட்டும் படம்பிடியுங்கள்.

கேள்வி: ஒரு மணி நேர ரெக்கார்டிங்கை அப்படியே குழுவில் போடலாமா? எந்த ஆப்பில் சுருக்குவது?

பதில்: ஆப் பற்றி இனி பதில் இல்லை. முழுசாகப் போட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள். 2014இல் வெளியான ஓர் ஆய்வில் எட்எக்ஸ் என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தின் வீடியோக்களை ஆராய்ந்தபோது, எவ்வளவு நீள வீடியோவானாலும் பார்த்த நேரத்தின் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு) ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. பார்த்தால் கற்றுவிட்டார்கள் என்றும் பொருளில்லை. மாணவர் திணறிய இரண்டு மூன்று இடங்களை மட்டும் வெட்டி எடுங்கள். கோப்புக்கு 'வகுப்பு 14' என்று பெயர் வைக்காமல் 'உச்சியில் முடுக்கம் ஏன் சுழி அல்ல' என்று வையுங்கள். தேர்வுக்கு முன்னால் அப்படித்தான் தேடுவார்கள்.