குட்டிகளை ஏற்றி அனுப்பப் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: எங்கள் ஊர் எல்லையில் யாரோ ஒரு பெட்டை நாயையும் அதன் ஐந்து குட்டிகளையும் விட்டுச் சென்றுவிட்டார்கள். இங்கே பெரும்பாலோர் கூலி வேலை செய்பவர்கள். கால்நடை மருத்துவமனையும் தொலைவில் இருக்கிறது. தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் எல்லாவற்றையும் காப்பகத்தில் சேர்த்துவிடுவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். இப்படிப் பணம் வாங்கிக்கொண்டு ஏற்றிச் செல்லப்படும் நாய்கள் பல நேரங்களில் எந்தக் காப்பகத்துக்கும் போவதில்லை. இருட்டிய பிறகு வேறொரு ஊரின் எல்லையில் இறக்கிவிடப்படுகின்றன. உங்கள் ஊருக்கு இவை வந்த வழியும் அதுவாக இருக்கலாம். காப்பகத்தின் பெயரையும் அங்கே பொறுப்பில் இருப்பவரின் தொலைபேசி எண்ணையும் கேளுங்கள், நாய்களை ஒப்படைத்ததற்குச் சீட்டு வேண்டும் என்று சொல்லுங்கள். அந்த நபர் பெரும்பாலும் அத்துடன் திரும்பி வரமாட்டார். உண்மையான காப்பகமே என்றாலும், நெரிசலான இடத்தில் தடுப்பூசி போடாத குட்டிகளைப் பார்வோ என்னும் குடல்நோய் வைரஸ் சில நாட்களில் கொன்றுவிடக்கூடும்.

தாயையும் குட்டிகளையும் இப்போதைக்கு இருக்கும் இடத்திலேயே, வெயிலும் மழையும் படாத மறைவில் விட்டுவையுங்கள். தாய்க்கு வயிறார உணவு கிடைத்தால் குட்டிகளை அவளே பார்த்துக்கொள்வாள். எட்டு வாரம் ஆவதற்குள் குட்டிகளைப் பிரித்துக் கொடுக்காதீர்கள்.

ஊரில் திரட்டும் பணம் சிறிதானாலும் அதை முதலில் வெறிநோய்த் தடுப்பூசிக்குச் செலவிடுங்கள். மனிதருக்கு வரும் வெறிநோயில் ஏறத்தாழ 99 விழுக்காடு நாய்கள் வழியாகத்தான் பரவுகிறது. அறிகுறி தோன்றிய பிறகு காப்பாற்றும் மருந்து இல்லை. பையில் மருந்துக் குப்பிகளைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராக வந்து குறைந்த விலைக்கு ஊசி போடுகிறவர்களை நம்பாதீர்கள். அந்த மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டியது. வெயிலில் அலைந்து வீரியம் இழந்த மருந்தைப் போட்டால், பாதுகாப்பு இருப்பதாக நம்பி ஊரே ஏமாந்து நிற்கும். குளிர்பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லிவிட்டு, அதன் பிறகே நாயைப் பிடித்துக் கொடுங்கள்.

இங்கே ஒன்றை விரிவாகச் சொல்லியாக வேண்டும். மூன்று மாதம் நிறையாத குட்டிக்கு ஊசி போடக்கூடாது என்று முகாமில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி சிறு குட்டியின் உடலில் தடுப்பூசியின் பலனைக் குறைக்கக்கூடும் என்பதால் ஏற்பட்ட வழக்கம் அது; வீட்டில் வளரும், தடுப்பூசி போட்ட தாயின் குட்டிக்கு அது பொருந்தும். உங்கள் குட்டிகளின் தாய்க்கு எப்போதேனும் ஊசி போடப்பட்டதா என்பதே யாருக்கும் தெரியாது. அடுத்த முகாம் எப்போது வரும் என்பதும் தெரியாது. கூட்டாகத் தடுப்பூசி போடும்போது மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டிகளையும் சேர்க்க வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆகவே குட்டிகளையும் தூக்கிச் செல்லுங்கள், மறுத்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள், மூன்று மாதம் கடந்ததும் மறுபடியும் ஒரு முறை போட்டுவிடுங்கள். குட்டிகளுக்கு வெறிநோய் வராது என்று யாராவது சொன்னால் அது பெரும் பிழை.

அடுத்த செலவு தாயின் கருத்தடை அறுவைச் சிகிச்சை. நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள், பருவமோ பொதுவாக ஆண்டுக்கு இரு முறை. விட்டுவிட்டால் அடுத்த ஈற்றுக்கு வெகு காலம் ஆகாது. குட்டிகள் பால்குடி மறந்து, மடி வற்றியதும் அழைத்துச் செல்லுங்கள். தையல் ஆறுவதற்கு முன்பே நாயைத் தெருவில் விட்டுவிடும் இடத்துக்கு, இலவசம் என்றாலும், போகாதீர்கள்.

இவற்றுக்கெல்லாம் பொறுப்பானவர்கள் யார் என்று கேட்டால், உள்ளாட்சி அலுவலகம் கால்நடைத் துறையைக் காட்டும், கால்நடைத் துறை உள்ளாட்சியைக் காட்டும். பல ஆண்டுகளாக இந்தக் கைகாட்டலைப் பார்த்துச் சலித்துவிட்டேன். இரண்டு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்து முடிக்க வேண்டிய வேலைக்கு ஏழை ஊர் ஒன்று மாதக்கணக்கில் அலைகிறது. ஊரார் கையெழுத்திட்ட ஒரே மனுவை இரு அலுவலகங்களிலும் ஒரே நாளில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழி உறுதியை ஏற்காதீர்கள்.

இதற்கிடையில் குழந்தை யாரையாவது, குட்டியே ஆனாலும், கடித்துவிட்டால், ஓடும் நீரிலும் சோப்பிலும் காயத்தை 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். காயத்தின் மேல் எதையும் அரைத்துப் பூச வேண்டாம்.