அப்பப்பாட தியேட்டர் நிண்ட காணி இப்ப ஆருக்கு?

கிளிநொச்சியில இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா. கண்டி றோட்டுக்கரையில அவவின்ர அப்பப்பா 1960களில உறுதிக்காணி (உறுதி எண்ட சொத்துப் பத்திரத்தோட வாற சொந்தக் காணி) வாங்கி தியேட்டர் கட்டினவராம், 96 இடப்பெயர்வுக்குப் பிறகு வந்து பாத்தா கூரையே இல்லை, மிஞ்சின சுவரையும் பிறகு இடிச்சாச்சு. 2011இல அப்பா தெரிஞ்ச ஒராளிட்ட "சும்மா கிடக்கிற காணிதானே, ஒரு கொட்டில் போட்டு இருங்கோ" எண்டு சொல்லி விட்டவர், அந்தாள் 2017இல கல்லால மூண்டு கடை கட்டி வாடகைக்கும் குடுத்திட்டார். இப்ப அப்பா இல்லை, கேக்கப்போனா "பத்து வருசம் தாண்டீட்டுது, காணி என்ர" எண்டுறாராம். காணியில பாதிக்குச் சொந்தக்காரரான சித்தப்பா 1985இல இருந்து கனடாவில.

தங்கச்சி, பத்து வருசக் கதை அரைவாசிதான் உண்மை. நெடுங்காலம் இருந்தவருக்கே காணி எண்டுற ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் 3ம் பிரிவில பத்து வருசம் இருக்கு, ஆனா சொந்தக்காரனுக்கு எதிரா, தன்ர எண்டு இருந்திருக்கோணும். அப்பா சொல்லி வந்து இருந்தவருக்கு அந்தக் காலம் ஓடாது. ஆனா அவர்ட லோயர் விடமாட்டார், கல்லுக்கடை கட்டின நாளில இருந்து எதிராட்சிதான் எண்டு வாதாடுவார், அப்பிடி எண்ணினா 2027இல பத்து முடியுது. அதுக்கு முதல் மாவட்ட நீதிமன்றத்தில வழக்கு போடுங்கோ. அப்பா சொன்னதைக் கேட்ட அயலட்டைச் சனம் ஆரும் இருந்தா இப்பவே சாட்சிக்குப் பிடிச்சு வையுங்கோ.

இனி சித்தப்பா. அதே சட்டத்தின்ர 13ம் பிரிவு, உரிமை பறிபோகேக்க கடல் கடந்து இருந்தவருக்கு, அவர் வெளியில இருக்கும் மட்டும் காலம் ஓடாது எண்டுது, முப்பது வருசம் போனாத்தான் அதுவும் இல்லை. அதாவது ஊரில கிடந்து காணியைக் காத்த உங்கட பங்குக்கு ஆபத்து, பனிக்குள்ள இருக்கிற சித்தப்பாட பாதிக்கு இல்லை! எனக்கே கோவம் வாற சட்டம், ஆனாலும் உங்களுக்கு உதவும், அவரிட்ட அற்றோனித் தத்துவம் (அவருக்காக நீங்கள் அலுவல் பாக்கிற அதிகாரப் பத்திரம்) எழுதி எடுங்கோ. யுத்த காலத்தைப் பத்து வருசக் கணக்கில இருந்து கழிக்கலாம் எண்டு சனம் சொல்லுற 2016ம் ஆண்டு 5ம் இலக்கச் சட்டம் 2009 மே 18 மட்டுக்கும்தான், உங்கட ஆள் வந்ததே 2011.

உறுதி துலைஞ்சிட்டுது எண்டு அழுதிருக்கிறீங்கள். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இலதான், அதுக்கு முதல் எல்லாம் யாழ்ப்பாணம், அதால முதல் யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில தேடுங்கோ. தியேட்டர் எண்டபடியா உங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கு. டிக்கெட்டுக்கு களியாட்ட வரி கட்டியிருப்பார், அந்த ரசீது ஏதும் ட்றங்குப்பெட்டிக்குள்ள கிடக்கோ பாருங்கோ, 1972க்குப் பிறகு தியேட்டருக்குப் படம் வாங்கினது அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் ஊடாத்தான், அவையளின்ர கடிதம் ஒண்டு கிடைச்சாலும் காணும். இதுகள் உரித்தைத் தராது, ஆனா அந்தக் காணித் துண்டில ஆர் இருந்தது எண்டு காட்டும். நில அளவைத் திணைக்களத்தின்ர பழைய ஆகாயப் படத்தில அவ்வளவு பெரிய கூரை தெரியாமப் போகாது.

தேடேக்க அது உறுதியில்லை, பெமிற் காணி (அரசு அனுமதிப்பத்திரத்தில குடுத்த காணி) எண்டு வந்தாலும் பயப்பிடாதேங்கோ, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 161ம் பிரிவின்படி பெமிற் காணியில ஆட்சியுரிமையே வராது, ஆனா நீங்கள் பிறகு ஓடவேண்டியது கோட்டுக்கு இல்லை, பிரதேச செயலகத்துக்கு.

அதுவரைக்கும் சமாதானமாப் போவம் எண்டு அந்தக் கடை கட்டினவர் நீட்டுற ஒரு பேப்பரிலயும் கையெழுத்து வைக்காதேங்கோ.